ஹாக்கியில் நமது முறை யாது?

(நமது சங்க ஆண்டு விழாவையொட்டி நடந்த வாலிபர் பகுதிக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற பிரசங்கம்)



சங்க விழாக்களில் கல்வியைப் பற்றியும் கைத்தொழிலைப் பற்றியும் பேசுவது வழக்கம். பந்தாட்டத்தைப் பற்றிப் பேசும்படி நம்மை அழைத்தது வாலிபர் பகுதியாரின் துணிவேயாகும். முன்வரிசையில் வீற்றிருக்கும் பெரியோர்களிற் சிலர், "இதில் என்ன இருக்கிறது?" என்று எண்ணக்கூடும். உலகத்தில் நிகரில்லாதிருந்த ஒரு கூட்டத்தார், காலம் மாறிய பிறகு தமக்கு உரிய வழி பழையதா புதியதா என்று தெளியாமல் நாற்பது ஆண்டுகள் தடுமாறிய வரலாறு இதில் இருக்கிறது. சங்கம் வைத்து நடத்துகின்ற நமக்கு அது அந்நியமான விஷயமன்று.

இந்திய ஹாக்கிக் கோஷ்டியின் பழம்பெருமையை விரிக்க வேண்டுவதில்லை. 1928ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் ஜெய்பால் சிங் தலைமை பூண்ட கோஷ்டி, தன் பக்கம் ஒரு கோல்கூட விழவிடாமல் தங்கப் பதக்கம் பெற்றது. தியான் சந்த் ஒருவரே அங்கு 14 கோல்கள் போட்டார். 1932இல் அமெரிக்கரை 24-1 என்றும், 1936இல் பெர்லின் இறுதிப் பந்தயத்தில் ஜெர்மானியரை 8-1 என்றும் வென்றோம். 1956 வரை நடந்த ஆறு ஒலிம்பிக்குகளிலும் தங்கம் நம்முடையதே. (சென்னை எம். ஜே. கோபாலன் 1936இல் ஹாக்கிக் கோஷ்டியோடு பெர்லினுக்குப் போக வாய்ப்பிருந்தும், கிரிக்கெட் கோஷ்டியோடு இங்கிலாந்து சென்று, அங்கே ஒரு டெஸ்ட் பந்தயத்திலும் ஆடாமல் திரும்பிய செய்தியை நம் ஊர்ப் பெரியவர்கள் வெகுகாலம் வருத்தத்தோடு சொல்லிவந்தனர்.) 1960இல் பாகிஸ்தானிடம் தோற்று, 1964இல் மீண்டும் வென்று, 1975இல் கோலாலம்பூரில் அஜித் பால் சிங் தலைமையில் உலகக் கோப்பையையும் கைக்கொண்டோம்.

இந்த வெற்றிகளுக்குக் காரணமாயிருந்த ஆட்ட முறை யாது? ஐவர் முன்னணியில் நிற்பர். அவர்களில் உட்புறத்தில் ஆடுகின்றவன் பந்தை மட்டையின் முகத்தோடு ஒட்டவைத்து, வலமும் இடமுமாகப் புரட்டி, எதிராளியை ஒரு பக்கம் சாயச் செய்து மறுபக்கம் நழுவிச் செல்வான். நாலைந்து கஜத்திற்குள்ளேயே பந்தைக் கைமாற்றிக் கைமாற்றி மூவர் முக்கோணமாக முன்னேறுவர். அடிப்பதைக் காட்டிலும் ஏய்ப்பதிலேயே அவர்கள் வல்லவர்கள். இதனைக் கண்ட வெளிநாட்டார் மந்திரமென்றனர். நாமும் இது நம் இரத்தத்திலேயே ஊறியதென்று சொல்லிக்கொண்டோம்.

அங்கேதான் நமக்குச் சற்று அபிப்பிராய பேதம் உண்டு. ஜான்ஸியிலும் போபாலிலும், ஜலந்தரை அடுத்த சன்சார்ப்பூர் என்னும் சிறு கிராமத்திலும், ஒரிஸாவின் சுந்தர்கட்டிலும், நமது கோவில்பட்டியிலும் பிள்ளைகள் ஆடியது மேடுபள்ளமான மண் தரையில் அல்லது சீராக வெட்டப்படாத புல் தரையில். அத்தகைய தரையில் தொலைவிலிருந்து அடிக்கப்பட்ட பந்து எவ்விடத்தில் துள்ளும், எவ்விடத்தில் தங்கும் என்று சொல்லுதற்கில்லை. ஓடிவரும் பந்தை ஒரே தடவையில் நிறுத்துவதும் அரிது. ஆகவே பந்தைப் பிறருக்கு நெடுந்தூரம் அனுப்புகிறவன் அதனை இழப்பான். தன் மட்டையிலேயே வைத்திருக்கிறவன் வெல்வான். நமது முறையை நமக்குக் கற்பித்த ஆசான் அந்தத் தரையே என்பது எமது துணிபு.

1976ஆம் ஆண்டு மாண்ட்ரீல் ஒலிம்பிக்கில் முதன்முறையாகச் செயற்கைத் தரையின்மேல் ஹாக்கி ஆடப்பெற்றது. உலகக் கோப்பையை வென்று ஓராண்டும் சில மாதங்களுமே கழிந்த நமது கோஷ்டி அங்கே ஏழாம் இடத்தில் நின்றது. பலகைமேல் உருளுவதைப் போன்று பந்து நேராகவும் விரைவாகவும் ஓடுகின்ற அத்தரையில், ஐம்பது கஜத்துக்கு அப்பால் நிற்கும் துணைவனுக்கு ஒரே அடியில் பந்தை அனுப்பலாம்; அவனும் அதைத் தவறாமல் நிறுத்தலாம். நம்மவர் ஒருவன் இரண்டு பேரை ஏய்த்து முடிப்பதற்குள் எதிர்க்கட்சியார் மூன்றாம் முறை அணிவகுத்து நிற்பர். மேலும், இடைவிடாமல் ஓடும் வலிமையும், பெனால்டி கார்னரில் பந்தை இழுத்து வீசும் வித்தையும் வெற்றிக்கு இன்றியமையாதனவாயின. 1998இல் ஆஃப்சைட் விதி அடியோடு நீக்கப்படவே, ஆட்டத்தின் உருவமே வேறாயிற்று. நம் பிள்ளைகளோ வெகு ஆண்டுகள் வரையில் மண்ணிலேயே பழகி, வயது வந்த பிறகே புதிய தரையைக் காலால் மிதித்தனர். அத்தரை ஒன்றை விரிக்கப் பல கோடி ரூபாய் செலவாகும் என்பதை நினைத்தால் அதில் வியப்பில்லை.

இடையே 1980இல் மாஸ்கோவில், நமது தமிழ்நாட்டு வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில், ஸ்பெயினை 4-3 என வென்று தங்கம் பெற்றோம். அது போற்றத்தக்கதே. ஆயினும் பல நாடுகள் அவ்வொலிம்பிக்கைப் பகிஷ்கரித்திருந்தன. அதைக் கொண்டு 'நோய் தீர்ந்தது' என்று நம்பியவர்கள் வைத்தியத்தைத் தள்ளிப்போட்டனர். 1986 உலகக் கோப்பையில் பன்னிரண்டு கோஷ்டிகளில் நாம் கடைசி. 2008இல், சிலி நாட்டுத் தகுதிப் பந்தயத்தில் பிரிட்டனிடம் தோற்று, 1928க்குப் பின் முதன்முறையாக ஒலிம்பிக் ஹாக்கியில் நமக்கு இடமே இல்லாமற் போயிற்று. 2012இல் லண்டனில் ஒரு பந்தயமும் வெல்லாமல் மறுபடியும் பன்னிரண்டாம் இடம்.

இக்காலத்தில் இரண்டு கட்சிகள் தோன்றின. "நம் முன்னோர் ஆடிய முறையைக் கைவிட்டதால்தான் இக்கதி, அதையே மீட்க வேண்டும்" என்றது ஒன்று. "ஐரோப்பியர் முறையை அப்படியே கொள்ள வேண்டும்" என்றது மற்றொன்று. நாம் கவனித்த வரையில் இரு கட்சியாரும் முன்னேறித் தாக்குவதைப் பற்றியே வாதாடினர். பந்து எதிர்க்கட்சியாரிடம் இருக்கும்போது நம் பதினொருவரும் எங்கே நிற்பது என்பதைப் பற்றி வாய்திறந்தவர்கள் சிலரே.

2000ஆம் ஆண்டு சிட்னியை நினைத்துப் பாருங்கள். போலந்தை வென்றால் அரை இறுதி, நாம் 1-0 என முன்னணியில் இருக்கிறோம், கடைசி நிமிஷங்கள். பந்தைச் சுற்றிச் சுற்றி வைத்துக்கொண்டு காலத்தைக் கடத்துவதா, இன்னொரு கோல் தேடிப் போவதா, பின்வாங்கிச் சுவர்போல் நிற்பதா? மூன்றில் எதுவாயினும் தகும். பதினொருவரும் ஒன்றையே செய்ய வேண்டும். அது கூடவில்லை. போலந்து சமன் செய்தது. அரை இறுதி கைநழுவிற்று. திறமையில் அக்கோஷ்டி தாழ்ந்ததென்று யாரும் சொல்லார். தன்ராஜ் பிள்ளை ஆடிய கோஷ்டி அது. இன்னது செய்வோம் என்ற ஒருமித்த வழக்கம் இல்லாமையே குறை.

அவ்வழக்கம் உண்டாக நாள் வேண்டும். நாளைத்தான் நாம் யாருக்கும் கொடுத்தோமில்லை. 2009 முதல் 2019 வரையிலான பத்தாண்டில் ஸ்பெயினின் பிராசா, ஆஸ்திரேலியாவின் நாப்ஸ், வால்ஷ், டச்சுக்காரரான வான் ஆஸ், ஓல்ட்மன்ஸ், மாரைனே, நம் நாட்டு ஹரேந்திர சிங், மீண்டும் ஆஸ்திரேலியாவின் கிரஹாம் ரீட் என எட்டுப் பயிற்சியாளர்கள் வந்தனர். ஒருவர் நட்ட நாற்றை வேர் பிடிப்பதற்கு முன்பே மற்றொருவர் பிடுங்கி வேறு நட்டார். அந்நிய நாட்டார் வந்ததால் கெட்டோம் என்பாருடன் நமக்கு உடன்பாடில்லை. மேற்சொன்ன மாரைனேயே நமது பெண்கள் கோஷ்டியைப் பயிற்றி, டோக்கியோவில் ராணி ராம்பாலின் தலைமையில் நான்காம் இடத்திற்குக் கொண்டுவந்தார். சகோதரிகள் இதனைக் குறித்துக்கொள்ளவும்.

ஆண்களுக்கு 2021இல் அதே டோக்கியோவில் நல்ல காலம் பிறந்தது. இரண்டாம் பந்தயத்திலேயே ஆஸ்திரேலியாவிடம் 1-7 என்ற படுதோல்வி. முன்னைய நாட்களானால் முறையையே மாற்று, ஆளையே மாற்று என்ற கூக்குரல் எழுந்திருக்கும். இம்முறை மன்பிரீத் சிங்கின் கோஷ்டி, தான் பயின்ற முறையிலேயே நின்று, பிரிவில் எஞ்சிய மூன்று பந்தயங்களையும் வென்றது. வெண்கலப் பதக்கத்துக்கான ஆட்டத்தில் ஜெர்மனியிடம் 1-3 எனப் பின்தங்கிப் பிறகு 5-4 என வென்றது. முடிவிற்கு ஆறே விநாடிகள் இருக்கையில் ஜெர்மனிக்கு ஒரு பெனால்டி கார்னர் கிடைத்தது. ஒவ்வொருவரும் தத்தம் இடத்தில் நின்றனர். ஸ்ரீஜேஷ் பந்தைத் தடுத்தார். 41 ஆண்டுகளுக்குப் பின் கிடைத்த ஒலிம்பிக் பதக்கம் அது.

2023இல் உலகக் கோப்பை நம் நாட்டிலேயே நடந்தபோது, நியூஸிலாந்திடம் ஷூட்அவுட்டில் தோற்றுக் கால் இறுதிக்கும் செல்லாமல் நின்றோம், ரீட் விலகினார். பின் வந்த தென் ஆப்பிரிக்கர் கிரெய்க் ஃபுல்டன், பெல்ஜியத்திற்குத் துணைப் பயிற்சியாளராயிருந்தவர். கோலைக் காப்பதே வெல்வதற்கு அடிப்படை என்பது அவர் கொள்கை. தியான் சந்த் வழிவந்த நாட்டார் காவலைப் பற்றிப் பாடம் கேட்பதா என்று சிலர் முகம் சுளித்தனர். 2024இல் பாரிஸில் பிரிட்டனோடு நடந்த கால் இறுதியே அதற்கு விடை. 17ஆம் நிமிஷத்தில் அமித் ரோஹிதாஸ் சிவப்புச் சீட்டு பெற்று வெளியேற்றப்பட்டார். அதன்பின் நாற்பது நிமிஷத்திற்கு மேல் நம்மவர் பத்துப் பேராகவே ஆடினர். பந்து வலப்புறம் போனால் அணி முழுவதும் ஒரே கயிற்றில் கட்டியதுபோல் வலப்புறம் நகரும். இடப்புறம் போனால் இடப்புறம் நகரும். ஆட்டம் 1-1, ஷூட்அவுட்டில் 4-2 என வென்றோம். அதற்குச் சில நாள் முன்னர்த்தான், ஒலிம்பிக்கில் 1972க்குப் பிறகு முதன்முறையாக, ஆஸ்திரேலியாவை 3-2 என வீழ்த்தியிருந்தோம். அவ்வொலிம்பிக்கில் ஹர்மன்பிரீத் சிங் போட்ட 10 கோல்களுள் பெரும்பகுதி, முன்னோர் அறியாத அந்த இழுத்து வீசும் வித்தையால் வந்தவை. ஸ்பெயினை 2-1 என வென்று மீண்டும் வெண்கலம்.

பழைய முறை அழிந்துவிட்டதா என்று வாலிபர் ஒருவர் நம்மை முன்னமே கேட்டார். உற்றுப் பார்ப்பவர்களுக்கு அது தெரியும். எதிராளியின் மட்டைக்கு மேலாகப் பந்தை இலேசாக எடுத்துச் செல்லுதலும், வட்டத்தின் விளிம்பில் இருவர் கண்ணாலேயே பேசிக்கொண்டு குறுக்கே மாற்றுதலும் இன்றும் நம்மவரிடம் காணலாம். ஆனால் அவை இப்போது எந்நேரமும் செய்யும் காரியங்களல்ல. பத்துப் பேர் காத்துக் கொடுத்த பந்து கைக்கு வந்த பின், ஆட்டத்தில் பத்துப் பதினைந்து தடவை செய்யப்படுபவை. இந்த அளவே நமது இன்றைய முறை என்று நாம் கருதுகிறோம்.

அது இன்னும் முதிர்ந்துவிடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். 2025 ஜூனில் ஐரோப்பாவில் புரோ லீக் ஆட்டங்களில் வரிசையாக ஏழு தோல்விகள். அவற்றுட் பெரும்பாலானவை ஒரே கோல் வித்தியாசத்தில் நேர்ந்தவை. செப்டம்பரில் ராஜ்கிர் நகரில் தென் கொரியாவை 4-1 என வென்று ஆசியக் கோப்பையைப் பெற்றோம்.

நிற்க. தரையே ஆசான் என்று மேலே சொன்னோம். நம் மாணவர் விடுதியின் பின்புறத் திடலைக் கலியாண மண்டபத்திற்கு விடலாமென்று நிர்வாகக் கமிட்டியில் ஒரு பிரஸ்தாபம் இருப்பதாகக் கேள்விப்படுகிறோம். மண்டபத்தால் வருமானம் உண்டு; ஏழைப் பிள்ளைகளின் சம்பளத்திற்கு அப்பணம் உதவும் என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆனால் அத்திடலில் மாலை வேளையில் முப்பது பிள்ளைகள் ஆடுகின்றனர். அவர்களுக்கு வேறிடம் எங்கே என்ற கேள்விக்கு விடை எழுதிய பின்னரே கமிட்டியார் அத்தீர்மானத்தை வோட்டுக்கு விடவேண்டுமென்று பணிவுடன் கேட்டுக்கொள்ளுகிறோம்.

சென்ற 2025 டிசம்பரில் நமது சென்னை எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் மைதானத்தில், இளையோர் உலகக் கோப்பையின் மூன்றாம் இடத்துக்கான பந்தயம் நடந்தது. அரை இறுதியில் ஜெர்மனியிடம் 1-5 எனத் தோற்றிருந்த நம் பிள்ளைகள், அர்ஜென்டினாவுக்கு எதிராகவும் 0-2 எனப் பின்தங்கி, கடைசிக் கால்பகுதியில் நான்கு கோல்கள் போட்டு 4-2 என வென்றனர். அவர்களுக்குப் பயிற்சியாளராயிருந்தவர், டோக்கியோவில் அந்த ஆறு விநாடியில் கோல் காத்து நின்ற ஸ்ரீஜேஷ். எழும்பூர் மைதானத்தைக் காண விரும்பும் பிள்ளைகள் தங்கள் பெயரை வாலிபர் பகுதிக் காரியதரிசியிடம் கொடுக்கலாம்.