பதினேழு பேர்



பேச்சைத் தொடங்க முதல் ஒரு சின்னக் கணக்கெடுப்பு. இந்த மண்டபத்தில் மலேரியாக் காய்ச்சல் வந்து எழும்பினவர்கள் ஒருக்கால் கையை உயர்த்துங்கோ. சரி. முன்வரிசை ஐயாமார் எல்லோரும் உயர்த்துகிறீர்கள். கூட்டத் தலைவரும் உயர்த்துகிறார். இனிப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் உயர்த்துங்கோ பார்ப்போம். ஒரு கையும் இல்லை. பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிக்கிறார்கள், இந்தக் கிழவனுக்கு என்ன நடந்தது என்று.

அந்தச் சிரிப்பைத் தேடித் தந்த நாலு பேருக்குத்தான் சற்று முன் பொன்னாடை போர்த்தினோம். வெளிக்கள உத்தியோகத்தர்களாக முப்பது வருடத்துக்கு மேல் வேலை செய்து ஓய்வு பெற்றவர்கள். மேடையில் ஏறவே கூச்சப்படுகிறார்கள். “நாங்கள் என்னத்தைச் செய்தனாங்கள், இரத்தம் எடுத்தது, மருந்தடிச்சது, அவ்வளவுதானே” என்று ஒருவர் என்னிடம் கேட்டார். அந்த “அவ்வளவுதானே” பற்றித்தான் நான் பேச வந்தேன். அழைப்பிதழில் “தொற்றுநோய்த் தடுப்பும் சமூகமும்” என்று பெரிய தலைப்புப் போட்டிருக்கிறார்கள். நான் ஓய்வு பெற்ற ஒரு கணக்கு வாத்தியார். எனக்கு ஒரு எண் போதும். அந்த எண் 17.

அதற்கு முதல் 1934க்குப் போக வேண்டும். அந்த வருடம் மழை பொய்த்தது. இலங்கையின் ஈரவலயத்தில் எப்போதும் நிறைந்து ஓடும் ஆறுகள், மகா ஓயா, தெதுறு ஓயா எல்லாம், வற்றி மணலுக்கிடையே சின்னச் சின்னக் குட்டைகளாகத் தேங்கின. தெளிந்த நீர், வெயில் படும் நீர். மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் நுளம்புக்கு அதைவிட நல்ல தொட்டில் இல்லை. சாக்கடையில் வளர்கிற நுளம்பை மட்டும் நாங்கள் திட்டிப் பழகிவிட்டோம். இது துப்புரவான தண்ணீரை விரும்பும் நுளம்பு. 1934 கடைசியில் தொடங்கிய கொள்ளைநோய் சில மாதங்களில் ஏறத்தாழ 80,000 பேரைக் கொண்டுபோனது. நாட்டின் மொத்தச் சனத்தொகையே அப்போது ஐம்பது இலட்சத்துக்குச் சற்று மேல்தான். கேகாலை, குருநாகல் பக்கத்துக் கிராமங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

வேடிக்கை என்னவென்றால், காய்ச்சலுக்குப் பேர்போன எங்கள் வன்னி போன்ற வரண்ட பிரதேசங்கள் அந்தக் கொள்ளைநோயில் அவர்கள் அளவுக்கு அடிபடவில்லை. இங்கே காய்ச்சல் வருடாவருடம் வந்து போகிற உறவினர் மாதிரி. சின்ன வயதிலேயே தப்பிப் பிழைத்தவர்களின் உடம்பு ஓரளவு பழகியிருந்தது. பழகாத பிள்ளைகள் தொட்டிலிலேயே போயிருந்தன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் ஊரில் மலேரியா எவ்வளவு என்று அறியப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை வரிசையில் விட்டு வயிற்றை அமத்திப் பார்ப்பார்கள். இடப்பக்க விலாவுக்குக் கீழே மண்ணீரல் கையில் தட்டுப்பட்டால் ஒரு கோடு. நூறு பிள்ளைக்கு எத்தனை கோடு என்பதுதான் ஊரின் கணக்கு.

இரணைமடுக் குளம் கட்டி முடித்தும், காணி வெட்டிக் கொடுத்தும், சனம் இங்கே வந்து நிலைக்கத் தயங்கியது ஏன் என்று பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். யானையையும் பாம்பையும் பிறகு சொல்வார்கள். முதலில் காய்ச்சலைத்தான் சொல்வார்கள். 1946 இல் டிடிடி மருந்தடிப்பு நாடு முழுக்கத் தொடங்கியது. அதன் பிறகுதான் காடு வெட்டியவன் அடுத்த போகம் அறுக்க உயிரோடு இருந்தான். குடியேற்றத் திட்டங்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள் அமைச்சர்களின் பெயரையும் காணிக் கச்சேரியையும் எழுதுகிறார்கள். தோளில் பம்பி கொழுவிக்கொண்டு வந்த அந்தக் காக்கிக் காற்சட்டைக்காரரை எழுதியவர் குறைவு.

எனக்கு அவர்களை நினைவிருக்கிறது. எங்கள் வீடு மண் சுவர், கிடுகுக் கூரை. மருந்தடிக்கிற ஆக்கள் வருகிறார்கள் என்றால் முதல் நாளே தகவல் வரும். சட்டி பானை, படுக்கிற பாய், சுவாமிப் படம், எல்லாம் முற்றத்துக்கு வந்துவிடும். ஆடு கட்டியிருந்த மூலையையும் விடமாட்டார்கள். சுவரை மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே, ஒரே வேகத்தில் அடித்துக்கொண்டு போவார்கள். காய்ந்ததும் சுவரில் வெள்ளைப் பூப்பூத்த மாதிரி இருக்கும். எனக்கு அது பெரிய அதிசயம். இரண்டு கிழமை கழித்துப் பொங்கல் வரும். அம்மா சாணகம் கரைத்து, வீடு முழுக்க ஒரு பூச்சு மெழுகிவிடுவா. சுவர் அழகாகிவிடும். மருந்து சாணகத்துக்குக் கீழே போய்விடும்.

இது ஏன் முக்கியம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுகிறேன். பெண் நுளம்பு இரத்தம் குடித்ததும் பாரம் தாங்காமல் பக்கத்துச் சுவரில் போய்க் குந்தும். சுவரில் மருந்து இருந்தால் அதோடு அதன் கதை முடிந்தது. நோய்க்கிருமி நுளம்பின் உடம்புக்குள் முற்றி அடுத்த ஆளைத் தாக்கும் பக்குவத்துக்கு வரப் பத்து நாளாவது வேண்டும். அந்தப் பத்து நாளுக்குள் அது ஒருமுறை சுவரில் குந்தினால் போதும். அந்தச் சுவரைத்தான் என் அம்மா மெழுகினா. அவவைக் குற்றம் சொல்ல மாட்டேன். பொங்கலுக்கு வீடு மெழுகக்கூடாது என்று தமிழ்ப் பெண்ணுக்குச் சொல்லித் தப்பிய உத்தியோகத்தர் உண்டா? ஆனால் மருந்தடிக்கிறவர் அடுத்த முறை வந்தபோது சுவரைப் பார்த்தார், ஒன்றும் பேசாமல் திரும்பவும் அடித்தார். அந்தப் பொறுமையைத்தான் நான் இன்றைக்கு இந்த நாலு பேரின் முகத்திலும் பார்க்கிறேன்.

இனி அந்த எண்ணுக்கு வருவோம். 1963 ஆம் ஆண்டு. இலங்கை முழுவதிலும் அந்த வருடம் கண்டுபிடிக்கப்பட்ட மலேரியா நோயாளர் எத்தனை பேர் தெரியுமா? பதினேழு பேர். அவர்களிலும் பலர் வெளியிலிருந்து நோயைக் கொண்டு வந்தவர்கள். 80,000 உயிரைப் பறிகொடுத்த நாடு, முப்பது வருடம் முடிய முதல் பதினேழு நோயாளிக்கு வந்து நின்றது. உலகமே பாராட்டியது. இதுதான் கடைசிப் படி என்று நினைத்து மருந்தடிப்பை நிறுத்தினார்கள். அது முட்டாள்தனமென்று இன்று சொல்வது சுலபம். அன்றைக்கு உலக அளவில் வகுத்திருந்த விதியே அதுதான். மருந்தடிப்பை நிறுத்தலாம், ஆனால் காய்ச்சல்காரர் ஒவ்வொருவரிடமும் இரத்தம் எடுத்துப் பார்ப்பதை நிறுத்தக் கூடாது என்பது விதியின் மறுபாதி. முதற்பாதி காசு மிச்சம் பிடிப்பது, உடனே நடந்தது. மறுபாதிதான் தளர்ந்துபோனது. நோயே இல்லையே, யாருடைய விரலில் குத்துவது என்று.

காட்டோரக் குடியிருப்புகளிலும் மாணிக்கக்கல் அகழ்ந்த குழிகளிலும் ஒருவர் கண்ணுக்கும் படாமல் நோய் வளர்ந்தது. 1969 இல் கணக்கெடுத்தபோது ஐந்து இலட்சத்துக்கும் மேல். ஆறே ஆறு வருடம். நான் முப்பது வருடம் பெருக்கல் படிப்பித்தவன். இப்படியொரு பெருக்கலைக் கரும்பலகையில் எழுதியதில்லை. திரும்பவும் டிடிடி எடுத்தார்கள், நுளம்பு அதற்கு அசையவில்லை. எழுபதுகளில் மலத்தியோன் என்ற மருந்துக்கு மாறினார்கள். பதினேழை மறுபடி காண நாற்பது வருடத்துக்கு மேல் எடுத்தது.

அந்த நாற்பது வருடத்தின் நடுவில்தான் எங்கள் யுத்தமும் வந்தது. 1999 இல் நாட்டில் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளர், பெரும்பாலும் வடக்கிலும் கிழக்கிலும். மரத்தடியிலும் தறப்பாளுக்குக் கீழும் படுத்த சனத்துக்கு மருந்தடிக்கச் சுவர் ஏது? அந்த நாட்களிலும் நுளம்பு வலை வந்தது, நடமாடும் சிகிச்சை முகாம் வந்தது, குருதிப் பூச்சு எடுக்கிற கண்ணாடித் தகட்டுப் பெட்டி சைக்கிளின் பின்னால் கட்டப்பட்டு வந்தது. எப்படி வந்தது என்று என்னைவிட முன்வரிசையில் இருப்பவர்கள் நன்றாகச் சொல்வார்கள், கேட்டால். கேட்காவிட்டால் சொல்ல மாட்டார்கள். அந்தத் தொடரில் உள்ளூரில் தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார அமைப்பு இலங்கையை மலேரியா அற்ற நாடென்று அறிவித்தது.

கை தட்டுகிறீர்கள், தட்டுங்கள். ஆனால் கவனியுங்கள், செப்டெம்பரில் சான்றிதழ் வந்தது, டிசெம்பரில் மன்னார்த் தீவில் ஒரு நுளம்பு வந்தது.

அதன் பெயர் அனோபிலிஸ் ஸ்ரெபென்சி. இந்தியாவில், சென்னை போன்ற நகரங்களில், கிணற்றிலும் மொட்டைமாடித் தண்ணீர்த் தாங்கியிலும் வளர்ந்து மலேரியாவைப் பரப்புகிற இனம். அதுவரை எங்களுடைய மலேரியா நுளம்பு ஆற்றுக் குட்டையைத் தேடும், காட்டோரத்தைத் தேடும். இது பட்டணத்தைத் தேடும், எங்கள் வீட்டுக் கிணற்றைத் தேடும். மன்னாரில் கிணறு இல்லாத வளவு எத்தனை? பிறகு யாழ்ப்பாண நகரத்திலும் அதைக் கண்டார்கள். அதனால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஆபிரிக்காவின் ஜிபூட்டி என்ற சின்ன நாட்டைக் காட்டுவேன். 2012 இல் அங்கே 27 நோயாளர். இதே நுளம்பு அங்கே குடியேறியது. 2020 இல் 73 ஆயிரத்துக்கும் மேல்.

நுளம்பு இருந்தால் மட்டும் நோய் வராது, கிருமியும் வர வேண்டும். கிருமி விமானத்திலும் வருகிறது, படகிலும் வருகிறது. தொழிலுக்கு ஆபிரிக்கா போய்வருகிறவர்கள், இந்தியாவுக்கு யாத்திரை போய்வருகிறவர்கள், அகதி முகாமிலிருந்து ஊர் திரும்புகிறவர்கள் எல்லோரும் எங்கள் ஆக்கள்தான். அவர்களைச் சந்தேகக் கண்ணோடு பார்க்கச் சொல்லவில்லை. ஒரு துளி இரத்தம் கேட்கச் சொல்கிறேன். 2018 இல் மொனராகலை மாவட்டத்தில், இந்தியாவிலிருந்து வேலைக்கு வந்த ஒருவரின் இரத்தத்திலிருந்த கிருமி நுளம்பு வழியாக உள்ளூர்க்காரர் ஒருவருக்குத் தொற்றியது. சான்றிதழுக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. சுற்றியிருந்தவர்களுக்கெல்லாம் இரத்தம் பார்த்தார்கள், நுளம்பு பிடித்தார்கள், மருந்தடித்தார்கள். மூன்றாவது ஆளுக்குப் போகவில்லை. பத்திரிகையில் பெரிய செய்தியும் இல்லை. ஒருவரோடு நின்றுவிட்டால் அதில் என்ன செய்தி?

கடைசியாக, கிணற்றடிக்கு வருவோம். போன மாதம் எங்கள் வளவுக்கு ஒரு பெண் உத்தியோகத்தர் வந்தார். கயிற்றில் கட்டிய வெள்ளை வாளியைக் கிணற்றுக்குள் இறக்கினார். நீர் மட்டத்தைத் தட்டாமல், ஓரமாகச் சரித்து அள்ளினார். மேலே எடுத்ததும் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றார். நீர் அடங்க வேண்டுமாம், கலங்கினால் குடம்பி கீழே போய்விடுமாம். பிறகு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். டெங்கு நுளம்பின் குடம்பி தலைகீழாகத் தொங்கும், வாலில் மூச்சுக் குழல் இருக்கிறது. அனோபிலிஸ் குடம்பிக்கு அது இல்லை, நீரின் மேலே துரும்பு மாதிரிப் படுத்துக் கிடக்கும். எங்கள் கிணற்றில் இரண்டும் இல்லை, நல்ல வேளை. ஆனால் பின்வளவில் இளநீர்க் கோம்பை கிடந்தது. அதில் தொங்குகிற வகை நிறைய இருந்தது. கணக்கு வாத்தியாரின் வீடு. வெட்கமாகத்தான் இருந்தது. 2017 இல் இந்த நாட்டில் ஒரு இலட்சத்து 86 ஆயிரம் பேருக்கு டெங்கென்று சந்தேகித்தார்களே, அதில் எத்தனை கோம்பையின் பங்கோ.

அவர் அன்றைக்கு இருபது வீட்டுக்குப் போக வேண்டும் என்றார். பாதி வீட்டில் நாய். மிச்சத்தில் “நேற்றுத்தானே ஒராள் வந்து பார்த்தது” என்ற கதை. 2022 இல் எரிபொருள் இல்லாத மாதங்களில் சைக்கிளில் போயிருக்கிறார். இந்தப் பொன்னாடை விலைக்கு நாலு லீற்றர் பெற்றோல் அடித்துக் கொடுத்திருக்கலாமே என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. தலைவர் கோபிக்கக் கூடாது.

ஆகையால் உங்களிடம் இரண்டு விசயம் கேட்கிறேன். வெளிநாடு போய் வந்தவருக்கு, யாத்திரையால் திரும்பியவருக்கு, காய்ச்சல் கண்டால், எங்கே போய் வந்தார் என்பதை வைத்தியரிடம் அவர் கேட்க முதல் நீங்களே சொல்லுங்கள். மலேரியாவுக்கு இரத்தம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், அரசாங்க வைத்தியசாலையில் அதற்குக் காசில்லை. மற்றது, நாளைக் காலையில் உங்கள் ஒழுங்கைக்குள் அந்த வெள்ளை வாளி வரும். நாயைக் கட்டிவிட்டுப் படலையைத் திறந்து விடுங்கள். வெயில் ஏறிவிட்டால் குடிக்கத் தண்ணீரும் கொடுங்கள்.