ஆச்சியின் கடிதமும் அரிச்சுவடியும்

தமிழகத்தை விட்டு வெளியே குடியேறி வாழும் நம்மவர் இல்லங்களில், பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்தை யார் கற்பிப்பது என்ற கேள்வி எழுந்தால், தாய் தந்தையைப் பார்ப்பார். தந்தை அடுத்த விடுமுறை நாளைப் பார்ப்பார். எங்கள் வீட்டிலும் அப்படியே நடந்தது. நாங்கள் யமுனைக்கு அப்பால் நொய்டாவில் குடியிருக்கிறோம். மூத்தவனுக்கு வயது 10, இளையவனுக்கு 7. இருவரும் பயிலும் பள்ளியில் ஆங்கிலமும் ஹிந்தியும் உண்டு, தமிழ் இல்லை. தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் தலைநகரில் நெடுங்காலமாகப் பள்ளிகள் நடத்தி வருகிறது. ஆயினும் சிறு பிள்ளைகளை நாள்தோறும் ஆற்றைக் கடந்து அவ்வளவு தொலைவு அனுப்ப எங்களுக்குத் துணிவு வரவில்லை. ஆகவே வீட்டையே பள்ளியாக்கினோம். அந்தப் பள்ளி முதலில் எவ்வாறு தோற்றது, பின்னர் எவ்வாறு ஒருவகையாக நடக்கத் தொடங்கியது என்பதை இங்கே சொல்ல விரும்புகிறோம்.

கொண்டாட்டங்களில் நாங்கள் குறையொன்றும் வைக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பிள்ளைகள் இருவருக்கும் முடியிறக்கமும் காதுகுத்தும் அம்பாசமுத்திரத்தை அடுத்த எங்கள் ஊரிலேயே நடந்தன. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்தியபோது மூத்தவன் போட்ட கூச்சலை ஊரார் இன்னும் நினைவுகூர்வதுண்டு. அவனுக்கு மூன்று வயதானபோது, விஜயதசமியன்று, நொய்டா வீட்டிலேயே தாம்பாளத்தில் அரிசி பரப்பி, விரலைப் பிடித்து ‘அ’ எழுத வைத்தோம். அன்று மாலை பக்கத்து மைதானத்தில் இராவணன் உருவத்தைக் கொளுத்தினார்கள். வடநாட்டு வழக்கம் அது. காலையில் தான் எழுதிய எழுத்துக்கும் மாலையில் வெடித்துச் சிதறிய பத்துத் தலைகளுக்கும் ஏதோ தொடர்பு இருக்க வேண்டும் என்று பிள்ளை முடிவு செய்துகொண்டான். மறுநாள் காலை, ‘இன்றைக்கும் அரிசியில் எழுதலாமா?’ என்று ஆவலோடு கேட்டான். அரிசி அதற்குள் பானைக்குப் போய்விட்டது. அடுத்த நான்கு ஆண்டுகள் அவன் தமிழில் ஓர் எழுத்தும் எழுதவில்லை.

பிள்ளையின் வளர்ச்சியைப் பருவம் பருவமாகப் போற்றும் வழக்கம் நம் இலக்கியத்தில் வேரூன்றியது. பிள்ளைத்தமிழ் என்ற நூல்வகையே அதற்காகப் பிறந்தது. பருவம் பத்து, பருவத்துக்குப் பத்துப் பாடலாக நூறு பாடல். குழந்தை கையூன்றித் தலை நிமிர்த்தி அசைவது செங்கீரை, கைகொட்டுவது சப்பாணி, தளர்நடையிட்டு வருவது வாரானை. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் கடைசி மூன்று பருவங்கள் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்பவை. சிற்றிற் பருவத்தில், ‘நாங்கள் கட்டிய மணல் வீட்டைச் சிதைக்காதே’ என்று சிறுமியர் ஆண்பிள்ளையை வேண்டிக்கொள்வார்கள். ஆண்மக்களைப் பெற்றவர்களுக்கு இதில் விளக்கவேண்டியது ஒன்றுமில்லை. அண்ணன் அடுக்கிய கட்டைக் கோபுரத்தைத் தம்பி உதைத்துத் தள்ளுவதும், சோற்றுத் தட்டைக் கரண்டியால் முழக்குவதும், மூன்று சக்கர வண்டியைச் சுவரில் மோதுவதுமாக, எங்கள் வீட்டில் மூன்று பருவங்களும் ஒரே காலை நேரத்தில் நடந்து முடிவதுண்டு. அக்காலப் புலவர் கண்ட பருவங்கள் யாவும் குழந்தை தானாகவே செய்பவை. எழுத்து தானாக வருவதன்று. நாங்களோ அதையும் விழாவெடுத்தால் வந்துவிடும் என்று எண்ணியிருந்தோம் போலும்.

மூத்தவன் ஏழு வயதை எட்டியதும் விழித்துக்கொண்டோம். ஞாயிறுதோறும் காலை 10 மணி முதல் 11 மணி வரை தமிழ் வகுப்பு என்று சட்டம் போட்டோம். கோடிட்ட குறிப்பேடு, பென்சில், முதல் வகுப்புப் பாடநூல், சுவரில் எழுத்து அட்டவணை எல்லாம் வந்தன. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247 என்று கணக்குச் சொன்னோம். அது பெரும் பிழை. ஹிந்தி எழுத்துகளைப் பள்ளியில் அப்போதுதான் ஒருவாறு முடித்திருந்த பிள்ளையின் முகம் அந்த எண்ணைக் கேட்டதும் வாடியது. போதாக்குறைக்கு, ஹிந்தியில் ‘க’ வரிசையில் நான்கு வல்லோசைகளுக்கு நான்கு எழுத்துகள் உண்டு; தமிழிலோ ஓர் எழுத்தே ‘கல்’ என்பதில் ஓர் ஒலியும், ‘தங்கம்’ என்பதில் வேறோர் ஒலியும், ‘மகன்’ என்பதில் மூன்றாவது ஒலியும் பெறுகிறது. சொல்லில் அது நிற்கும் இடமே ஒலியை முடிவு செய்கிறது என்று நாங்கள் விளக்கினோம். ‘அப்படின்னா சொல்லைத் தெரிஞ்சவங்கதானே படிக்க முடியும்?’ என்று அவன் கேட்டான். சரியான கேள்விதான்.

சில வாரங்களில் வகுப்புக்கு வயிற்றுவலி வரத் தொடங்கியது. 11 மணிக்கு அது தீர்ந்துவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் பென்சிலை வைத்துவிட்டு நேராகவே கேட்டான்: ‘ஸ்கூல்ல ஹிந்தி இருக்கு, இங்கிலீஷ் இருக்கு. இத யாருக்காகப் படிக்கணும்?’ நாங்கள் தமிழின் தொன்மையை எடுத்துரைத்தோம். ஈராயிரம் ஆண்டு என்றோம். சங்கப் பாடல் என்றோம். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு விளையாடப் போனான். அவன் கேட்டது ‘ஏன்’ என்பதன்று, ‘யாருக்காக’ என்பது. அந்த வேற்றுமை எங்கள் காதில் அப்போது விழவில்லை. வகுப்பு நின்றது.

நின்றதை மீண்டும் தொடங்கியவர்கள் நாங்கள் அல்லோம், ஒரு நாட்காட்டி. ஊரில் ஒரு மளிகைக் கடையில் ஆண்டுதோறும் கொடுக்கும் தினசரித் தாள் கிழிக்கும் நாட்காட்டியை ஒரு பொங்கலின்போது கொண்டுவந்து மாட்டினோம். தாளைக் கிழிப்பதில் அண்ணன் தம்பிக்குள் போர் மூண்டது. ஒற்றைப்படைத் தேதி தம்பிக்கு, இரட்டைப்படைத் தேதி அண்ணனுக்கு என்று உடன்படிக்கை செய்தோம். தாளில் உள்ளதை வாசிப்பவருக்கே கிழிக்கும் உரிமை என்று ஒரு நிபந்தனையும் சேர்த்தோம். முதலில் கிழமை மட்டும்; பிறகு தமிழ் மாதம்; அதன்பின் நட்சத்திரம். அப்போது ஐந்து வயதே ஆகியிருந்த இளையவன் ‘சூலம்’ என்பதை ஒரே நாளில் பிடித்துக்கொண்டான். ‘சந்திராஷ்டமம்’ அவனை மூன்று முறை தோற்கடித்தது. அதன் பொருளை அறிந்தபின், அண்ணனின் நட்சத்திரத்துக்குச் சந்திராஷ்டமம் வரும் நாளைத் தேடிக் கண்டுபிடித்து, ‘இன்னிக்கு நீ சண்டை போடக் கூடாது’ என்று அறிவிக்கும் அளவுக்குத் தேறினான். எங்களுக்கு அந்தச் சாஸ்திரத்தில் பெரிய நம்பிக்கை இல்லை. ஆனால் பிள்ளை அதை வாசித்துவிட்டானே!

அதே தாளிலிருந்து கணக்கும் பிறந்தது. மூத்தவன் பிறந்தது ஐப்பசி மாதம் அனுஷ நட்சத்திரத்தில். பள்ளித் தோழர்களுக்கு மிட்டாய் கொடுக்கும் ஆங்கிலத் தேதி மாறாதிருக்க, வீட்டில் பாயசம் வைக்கும் நட்சத்திரப் பிறந்தநாள் மட்டும் ஆண்டுக்கு ஆண்டு ஏன் நகர்கிறது என்று அவன் வியந்தான். சந்திரன் விண்மீன்களிடையே ஒரு சுற்றுச் சுற்ற 27 நாளும் ஏறக்குறைய 8 மணி நேரமும் ஆகின்றன. பதின்மூன்று சுற்றுக்கு 355 நாள். ஆண்டு முடியப் பத்து நாள் மிச்சம். ஆகவே பிறந்தநாள் ஓராண்டில் பத்து நாள் முந்தும். முந்தி முந்தி மாத எல்லையைத் தாண்டப் போகும்போது, பதினேழு நாள் பிந்தி மீண்டும் ஐப்பசிக்குள் வந்துவிடும். இதைப் பழைய நாட்காட்டி அட்டைகளின் பின்புறத்தில் அவனே எழுதிக் கணக்கிட்டுப் பார்த்தான். பாயசத்துக்காகச் செய்த கணக்கு தப்பவில்லை.

இனி ஆச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிள்ளைகளின் தந்தைவழிப் பாட்டி ஊரில் தனியே இருக்கிறார். தில்லிக் குளிர் ஒத்துக்கொள்ளாது என்பார். உண்மையில் ஊரை விட்டு வர மனமில்லை. சில ஆண்டுகளாகக் காது கேட்பதில்லை. கைப்பேசியில் பேசினால் விளங்காது. பக்கத்து வீட்டுப் பெண் பிடித்துக் கொடுக்க, திரையில் முகம் பார்த்துக்கொள்வதோடு சரி. சொல்ல வேண்டியதை அஞ்சல் தாளில் எழுதி அனுப்பிவிடுவார். தலைப்பில் பிள்ளையார் சுழி இருக்கும். அந்தச் சுழியைக் கண்டு, ‘இது ‘உ’தானே?’ என்று இளையவன் கூவியதுதான் அந்தக் கடிதங்களில் பிள்ளைகள் தாமாக வாசித்த முதல் எழுத்து. அதுவரை கடிதத்தை நாங்களே வாய்விட்டு வாசிப்போம். பிள்ளைகள் புரிந்துகொள்ள வேண்டும் என்று ஆச்சியின் சொற்களை எளிதாக்குவோம். ஒரு ஹிந்திச் சொல்லையும் இடையே பெய்வோம். நீண்ட செய்தியைச் சுருக்குவோம். எங்களுள் ஒருவரது பிழைப்பே மைய அரசில் மொழிபெயர்ப்புத்தான். மூலத்தில் உள்ளதைக் கூட்டாமலும் குறைக்காமலும் பெயர்க்க வேண்டும் என்பது அந்தத் தொழிலின் முதல் விதி. அலுவலகத்தில் அதைக் காத்தோம்.

நாட்காட்டியில் தேறிய மூத்தவன் கடிதத்தைத் தானே படிக்கிறேன் என்று வாங்கினான். இரண்டாம் வரியிலேயே நின்றுவிட்டான். ஆச்சி பள்ளியில் பயின்றது 1950-களில். ‘லை’, ‘னை’, ‘ணா’, ‘றா’ முதலிய எழுத்துகளை இன்றும் பழைய வடிவிலேயே எழுதுவார். ‘லை’க்கும் ‘னை’க்கும் முன்னே யானைத் துதிக்கைபோல் ஒரு வளைவு, ‘ணா’வுக்கும் ‘றா’வுக்கும் கால் தனியே நில்லாமல் எழுத்தோடு சேர்ந்து சுழிந்திருக்கும். இந்த மாற்றத்தைப் பெரியார் 1935-லேயே தம் ‘குடி அரசு’ ஏட்டில் கையாண்டார். 1978-இல் தமிழக அரசு ஆணையிட்டு ஏற்றுக்கொண்டது. மாறிய எழுத்துகள் 13. பழைய புத்தகங்களைப் புரட்டி வளர்ந்த எங்களுக்கு இரண்டு வடிவும் பழக்கம். பிள்ளைக்கோ அது புதிர். நாங்கள் வாசித்துக் காட்ட முன்வந்தோம், அவன் மறுத்தான். பதின்மூன்று எழுத்துகளையும் ஓர் அட்டையில் எழுதி, எதிரே இன்றைய வடிவத்தையும் எழுதித் தரச் சொன்னான். சங்கேதக் கடிதத்தை உடைக்கும் ஒற்றனைப்போல் அட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். ஒரு கடிதத்துக்கு இரண்டு நாள் ஆயிற்று. வந்து சேர்ந்திருந்த பழைய கடிதங்களையும் கேட்டு வாங்கினான். எங்கள் வீட்டில் எவ்வகை வகுப்புக்கும் இப்படி ஓர் ஊக்கத்தை நாங்கள் கண்டதில்லை. பெருமையோடு பார்த்திருந்தோம்.

ஒருநாள் மாலை அவன் ஒரு கடிதத்தை ஏந்தி வந்தான். அஞ்சல் தாளில் ஒட்டுவதற்காக விடும் மடிப்பின் ஓரத்தில், இடம் போதாமல், நுணுக்கி நுணுக்கி ஆச்சி சில வரிகள் எழுதியிருந்தார். திரையில் பேரப் பிள்ளைகள் வாயசைப்பது தெரிகிறது. என்ன சொல்கிறார்கள் என்று விளங்கவில்லை. ஆனாலும் விளங்கியதுபோல் தலையாட்டிச் சிரித்துக்கொள்கிறேன். பிள்ளைகளிடம் சொல்லவேண்டாம், வருத்தப்படுவார்கள் என்பது செய்தி.

‘இத நீங்க எங்களுக்குப் படிக்கவே இல்லியே’ என்றான்.

ஆச்சிதான் வேண்டாம் என்று எழுதியிருக்கிறார் என்றோம். அது உண்மை. ஆயினும் அந்த ஒரு கடிதத்தில் மட்டுமா விட்டோம்? முழங்கால் வலி என்று எழுதியதை விட்டிருக்கிறோம். தோட்டத்து மாமரம் காற்றில் சாய்ந்ததை, கதை நீளும் என்று விட்டிருக்கிறோம். எங்கள் வாய்வழியாக அவர்கள் அறிந்த ஆச்சிக்கு வலி இல்லை, தனிமை இல்லை, எப்போதும் ‘நன்றாகப் படியுங்கள்’ என்று மட்டுமே சொல்லும் ஆச்சி. அவன் பழைய கடிதங்கள் எல்லாவற்றையும் அப்படியே வைத்திருந்தான். எதை எதை விட்டோம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். மறைக்காமல் சொன்னோம். தம்பியும் வந்து உட்கார்ந்து கேட்டான். சாய்ந்த மரம் தான் ஊஞ்சல் ஆடிய மரமா என்று அவனுக்குத் தெரிய வேண்டியிருந்தது. அதே மரந்தான்.

அடுத்த ஞாயிறு, வகுப்பு நடந்த அதே 10 மணிக்கு, ஆச்சியைத் திரையில் அழைத்தோம். பிள்ளைகள் வாயைத் திறக்கவில்லை. பழைய குறிப்பேட்டின் தாள்களைக் கிழித்துப் பெரிய எழுத்தில் எழுதித் திரைக்கு முன்னே பிடித்தார்கள். எங்கள் பக்கத்துத் திரையில் எழுத்துகள் இடவலம் மாறித் தெரிந்தன. ஆச்சிக்கும் அப்படியே தெரியும் என்று எண்ணி, இளையவன் எல்லாவற்றையும் திருப்பி எழுத முனைந்தான், அண்ணன் தடுத்தான். மூத்தவன் முதலில் பிடித்த தாளில் ‘கால் வலி எப்படி இருக்கு’ என்று இருந்தது. ஆச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, உதடு அசைய வாசித்தார். பிறகு சற்று நேரம் பேசவில்லை. எங்களைப் பார்த்தார். சொல்லிவிட்டீர்களா என்று கேட்கும் பார்வை அது.

அதற்குள் இளையவன் தன் தாளை நீட்டிவிட்டான். ‘ஆச்சி பளம் சாப்டியா’ என்று எழுதியிருந்தான். எங்கள் ஊர்ப் பேச்சில் ழகரம் ளகரமாகத் தேய்ந்து நெடுநாளாயிற்று. வீட்டில் கேட்டதைத்தான் பிள்ளை எழுதினான். ஆச்சி வாசித்தார், சிரித்தார். தம் காதுக்கே கேளாத உரத்த குரலில், ‘எய்யா, இது பளம் இல்ல; பளம்! சிறப்பு ழ போடணும்’ என்றார். இரண்டு பளமும் ஒன்றுபோலவே ஒலிக்க, இவன் திகைத்து எங்களைத் திரும்பிப் பார்த்தான். ஆச்சி விரலை உயர்த்தி, திரைக்கு மிக அருகே, காற்றில் ‘ழ’வைச் சுழித்துக் காட்டினார். இவன் தாளைத் தரையில் போட்டு, மண்டியிட்டு, ‘ள’வை அடித்துவிட்டு அதன் மேலே எழுதலானான்.