“சார், இதற்கு வவுச்சர் எங்கே?”

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



நிதித்துறையில் தலைமையும் மனமாற்றமும் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

இன்று வவுச்சரைப் பதிந்தால் போதும், இருப்புநிலைக் குறிப்பு வரை கம்ப்யூட்டரே தயாரித்துவிடுகிறது. கூட்டல் பிழை ஒழிந்தது. பொய்ப் பதிவு ஒழிந்ததா? இல்லை. பொய்ப் பதிவிலும் பற்றும் வரவும் சமம்தானே! இருப்பாய்வு அழகாக டேலி ஆகும்.

அமெரிக்காவில் வேர்ல்டுகாம் என்றொரு பெரிய தொலைத்தொடர்புக் கம்பெனி இருந்தது. மற்ற கம்பெனிகளின் இணைப்புகளைப் பயன்படுத்த அது கட்டணம் கட்டி வந்தது. அது வருவாயினச் செலவு என்பது முதலாண்டு மாணவருக்கே தெரியும். அதை முதலினச் செலவாக்கிச் சொத்துக் கணக்கில் ஏற்றினார்கள். செலவு குறைந்தது, லாபம் கூடியது! 2002-இல் உள் தணிக்கைத் தலைவி சிந்தியா கூப்பர் தம் குழுவோடு இரவில் உட்கார்ந்து பதிவுகளைத் தேடிக் கண்டுபிடித்தார். ஜூன் 25 அன்று 380 கோடி டாலர் என்று கம்பெனி ஒப்புக்கொண்டது. அடுத்த மாதமே திவால். பிறகு அந்தத் தொகை 1,100 கோடியாக வளர்ந்தது.

அந்தப் பதிவுகளைப் போட்டவர்கள் யார்? மேலதிகாரி சொன்னதைச் செய்த கணக்கர்கள். தவறு என்று தெரிந்து, வேலையை விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தவர்கள். 2005-இல் நிதித் தலைவருக்கு 5 ஆண்டு சிறை. அவருக்குக் கீழே பதிவு போட்ட ஒரு பெண் கணக்கருக்கும் 5 மாதம் சிறை. “மேலிடத்து உத்தரவு” என்பதை நீதிமன்றம் வவுச்சராக ஏற்கவில்லை!

இங்கேதான் தலைமை வருகிறது. மாதக் கடைசியில் “எப்ப முடிப்பீங்க?” என்று மட்டும் கேட்கும் தலைவருக்கு வேகம் கிடைக்கும். “எந்தத் தொகை உங்களுக்கு உறுத்துது?” என்று கேட்பவருக்குத்தான் உண்மை கிடைக்கும். கேட்டால் மட்டும் போதாது, பதில் சொன்னவரை முறைக்கவும் கூடாது. பதிவு போடுபவர் ஒருவர், அனுமதிப்பவர் வேறொருவர் என்று இருக்க வேண்டும். நிதித் தலைவரைத் தாண்டி, இயக்குநர்களின் தணிக்கைக் குழுவிடம் உள் தணிக்கையர் நேரே போக வழி வேண்டும். சிந்தியா கூப்பர் போனதும் அந்த வழியில்தான்.

தம்பி தங்கைகளே, நாளை உங்கள் மேஜைக்கும் ஒரு பதிவு வரும். “இப்போதைக்குப் போடு, ஆதாரம் பின்னால் வரும்” என்பார்கள். மரியாதையாகவே கேளுங்கள்: “சார், இதற்கு வவுச்சர் எங்கே?”

இன்று மேலாளர் நாற்காலியில் இருக்கும் நண்பர்களே, அந்தக் கேள்வி வந்தால் எரிந்து விழாதீர்கள். கேட்கிற பிள்ளை உங்களையும் சேர்த்துத்தான் காப்பாற்றுகிறது.