குறியெதிர்ப்பையும் கைமாறும் சிற்றோவியமும்



உப்புக்கு மாற்றாக நெல் கேட்டுத் தெருவில் கூவிச் செல்லும் உமணர் மகளை அகநானூறு காட்டுகிறது. வீராணத்து நீர் பாயும் வயல்களைக் கண்ட லால்பேட்டையார்க்கு அப்பண்டமாற்று எளிதில் விளங்கும். அளவு ஒத்தால் வாணிகம் முடிந்தது. ஓவியத்துக்கு ஓவியத்தை மாற்றினால் எதனை அளவாகக் கொள்வது?

இவ்வினாவைச் செயலால் எழுப்பியவர் சூரிக் நகரக் கலைஞர் வாஞ்சி ஸ்டிர்னெமன். 1996இல் அவர் சிற்றட்டைகளில் ஓவியம் செய்யத் தொடங்கினார். அகலம் 64 மில்லிமீட்டர், உயரம் 89. விளையாட்டு வீரர் படம் தாங்கிச் சிறுவர் கைகளில் மாறிவரும் அட்டையின் அளவு. 1,200 அட்டைகளை 1997இல் காட்சிக்கு வைத்தார். வேண்டுவோர் பணம் தந்து பெற இயலாது. அதே அளவில் தாமும் ஒன்று செய்து கொணர்ந்து மாற்றிக்கொள்ளலாம் என்றார். அட்டையின் பின்புறம் செய்தவர் பெயர், தலைப்பு, நாள், எண் ஆகியன இருக்கும். அவ்வாண்டே கனடாவின் கால்கரி நகரிலும் இம்மாற்று அரங்குகள் தொடங்கின.

ஈகையைப் பேசப் புகும் வள்ளுவர், வறியவர்க்குத் தருவதல்லாத பிறவற்றைக் குறியெதிர்ப்பை என ஒதுக்குகிறார் (குறள் 221). அளந்து வாங்கி அதே அளவு திருப்புவது குறியெதிர்ப்பை. சிற்றோவிய மாற்று ஈகை அன்று, வாணிகமும் அன்று. குறியெதிர்ப்பை எனலாமோ எனின், அங்கும் இடர்ப்பாடு. தாளின் அளவே ஒக்கும், உழைப்பு ஒவ்வாது. பத்து நாள் தீட்டிய நுண்ணோவியத்துக்குப் பள்ளிச் சிறுமியின் வண்ணக் கிறுக்கல் ஈடாக வரலாம். தேர்ந்த கைகள் சில இதனால் மனம் சுளித்ததும் உண்டு. பின்னர் இதே அளவில் விற்பனைக்கென்றே அட்டைகள் செய்வோர் தோன்றினர். உழைப்புக்கு ஊதியம் கேட்பது பிழையாகாது. ஆயினும் விற்பனை புகுந்த இடத்தில் ஒன்று போயிற்று: வாங்குபவர் எதனையும் படைக்க வேண்டுவதில்லை. மாற்றில் பெறுபவரும் படைப்பாளி ஆயே தீரவேண்டும்.

வெளியீட்டு விழாக்களில் கவிஞர்கள் தத்தம் தொகுதிகளை மாற்றிக்கொள்வதும் இவ்வினத்ததே. (அவற்றுள் படிக்கப்படாமலே அலமாரி ஏறுவன எத்தனை என்பது வேறு கதை.) ஆயிரம் படி அச்சிட்ட நூலை எண்ணாமல் கொடுத்துவிடலாம், ஒரே படியாகத் தம் கையால் எழுதியதைக் கொடுக்கும்போது யாருக்கு என்று எண்ணவேண்டியிருக்கிறது.

பத்தாம் ஆண்டில் வட்டத்தின் கவிஞர்கள் இதனைச் செய்து பார்க்கலாம். செலவும் மிகுதியன்று. வீடுதோறும் குவிந்து கிடக்கும் திருமண அழைப்பிதழ்களின் வெற்றுப் பக்கமே போதும். 64க்கு 89 என நறுக்கி, நான்கு வரிக் கவிதையும் ஒரு கோட்டோவியமும் தீட்டி, எண்ணிட்டு, அடுத்த கூட்டத்துக்கு ஆளுக்கு ஐந்து கொணர்க.