விருந்தாளி வந்த வேளை

1969 ஜனவரி, லண்டன். பீட்டில்ஸ் இசைக்குழுவின் நால்வருக்குள் ஓயாத உரசல். ஜார்ஜ் ஹாரிசன் கோபித்துக்கொண்டு வெளியேறி, சில நாள் கழித்துத்தான் திரும்பினார். வந்த கையோடு, பழைய நண்பர் பில்லி பிரஸ்டனைக் கீபோர்டு வாசிக்க உள்ளே கூட்டிவந்தார். முறைத்துக்கொண்டிருந்தவர்கள் ஒழுங்காக வாசிக்கத் தொடங்கினார்கள். விருந்தாளி வந்தால் வீட்டுச் சண்டை அடங்குவது லண்டனிலும் உண்டு போல! 'கெட் பேக்' இசைத்தட்டில் பிரஸ்டன் பெயரும் அச்சானது.

சண்டை அடங்கும், சரி. மூளையும் விழித்துக்கொள்ளுமா?

அமெரிக்காவில் கேத்தரின் பிலிப்ஸும் சக ஆய்வாளர்களும் 2009-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் பார்த்தது. ஒரே மாணவர் சங்கத்தைச் சேர்ந்த மூன்று பேர், ஒரு கற்பனைக் கொலை வழக்கில் குற்றவாளி யார் என்று கண்டுபிடிக்க வேண்டும். பேச்சு தொடங்கி ஐந்து நிமிடத்தில் நான்காவது ஆள் உள்ளே வருவார். அவரும் அதே சங்கத்துக்காரர் என்றால், 29 சதவீதக் குழுக்களே சரியான விடை கண்டன. வேறு சங்கத்தவர் என்றால் 60 சதவீதம்.

வேடிக்கை என்னவென்றால், வெளியாள் வந்த குழுக்களுக்குத்தான் தங்கள் விடைமேல் நம்பிக்கை குறைவு. பேச்சும் சரியாக அமையவில்லை என்றே நினைத்தார்கள்.