கேளாமல் தீர்ப்பிடலாமா?



2004 செப்டம்பர் 3 அன்று, நம் காஞ்சிபுரத்தில் வரதராஜப் பெருமாள் கோவில் மேலாளர் சங்கரராமன், கோவில் அலுவலகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். அவ்வாண்டு தீபாவளி இரவில், சங்கர மடத்தின் பீடாதிபதி ஜெயேந்திர சரஸ்வதி அவ்வழக்கில் கைதானார். கைது என்ற சொல்லைக் கேட்டதுமே, குற்றம் முடிவாகிவிட்டது போல நம்மில் எத்தனை பேர் பேசினோம்!

நீதிமன்றம் அப்படிச் செய்யவில்லை. 2005 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அவருக்கு ஜாமீன் வழங்கியது. பின்னர், விசாரணை நேர்மையாக நடைபெற வேண்டும் என்று வழக்கைப் புதுச்சேரிக்கு மாற்றியது. 2013 நவம்பர் 27 அன்று, விசாரணையை எதிர்கொண்ட அனைவரும் விடுதலை பெற்றனர். கொல்லப்பட்டவரின் குடும்பத்துக்கோ இன்னும் நீதி கிடைக்கவில்லை. அவர்களுடைய கண்ணீரை நாம் மறக்கலாகாது. ஆனால், குற்றம் மெய்ப்பிக்கப்படாத ஒருவரைத் தண்டித்து அக்கண்ணீரைத் துடைக்க முடியாது.

இயேசுவைப் பிடிக்கப் பரிசேயர் துடித்தபோது, அவர்களுள் ஒருவரான நிக்கதேம் ஒரு கேள்வி கேட்டதை யோவான் நற்செய்தி 7ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். ஒருவர் சொல்வதைக் கேட்காமல் அவருக்குத் தீர்ப்பளிப்பது நம் சட்டத்துக்கு ஏற்றதா என்பதே அக்கேள்வி. அதற்காக அவருக்குக் கிடைத்தது ஏளனம்தான்.

நம் அரசியலமைப்பும் நிக்கதேமின் பக்கமே நிற்கிறது. கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும். பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். கைதானவர் தாம் விரும்பும் வழக்கறிஞரை வைத்துக்கொள்ளலாம். தமக்கு எதிராகத் தாமே சாட்சி சொல்லும்படி எவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது.

பீடாதிபதிக்கு உச்ச நீதிமன்றம் வரை வாதாட வழக்கறிஞர்கள் இருந்தார்கள். சரிகை காணவில்லை என்று சந்தேகத்தின்பேரில் காவல் நிலையத்துக்கு அழைத்துச் செல்லப்படும் கூலி நெசவாளியின் மகனுக்கு யார் இருக்கிறார்கள்? உரிமை இருவருக்கும் ஒன்றே. காவலில் இருப்பவருக்குச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞரை அமர்த்தித் தரும். 15100 என்ற எண்ணில் அழைக்கலாம். அந்தத் தாய்க்கு இதை எடுத்துச் சொல்பவர்களாக இருப்போமா, அல்லது அவள் வீட்டு வாசலைத் தவிர்த்து நடப்போமா?

கெத்சமனியில் ஆண்டவர் கைதானபோது சீடர்கள் ஓடிவிட்டார்கள். நாமும் ஓடிவிடாதிருக்க, அவசரத் தீர்ப்புகளிலிருந்து நம் நாவைக் காத்துக்கொள்ள, இறைவன் நமக்கு அருள்புரிவாராக. ஆமென்.