கொடிகள் சொன்ன செய்தி
(நூற்றாண்டு விழாவில் நிகழ்த்தப்பட்ட உரை)



"இச்செய்யுளில் பயின்றுவந்துள்ள அணி யாது?" இந்த வினாவைச் சந்திக்காதவர் எம்மில் எவருமிலர். ஒரு சொல்லில் விடை எழுதினோம், புள்ளியும் பெற்றோம். இன்று எமது பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ரொறன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் இருந்து அதே வினாவோடு எம்மிடம் வருகிறார்கள். பெயரை மட்டும் சொல்லிக்கொடுத்தால் அது பரீட்சையோடு போய்விடும். இனங்காணும் வழியைச் சொல்லிக்கொடுத்தால் பாட்டு அவர்களோடு கூட வரும்.

"போல" வந்தால் உவமை என்பது நாம் அறிந்த சுருக்கு வழி. நல்ல தொடக்கந்தான்; ஆனால் அது இரண்டு இடங்களில் கைவிடும்.

திருக்குறளின் முதற் குறளை எடுப்போம். எழுத்துகளுக்கு அகரம் முதல்; உலகுக்கு இறைவன் முதல். இவ்விரண்டையும் இணைக்க உவம உருபு எதுவும் இல்லை. ஆயினும் ஒப்புமை தெளிவாக உண்டு. இது எடுத்துக்காட்டு உவமை.

இனிச் சிலப்பதிகாரம். கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்குகிறார்கள். மதிற்கொடிகள் அசைகின்றன. "வரவேண்டாம்" என்று கைகாட்டி மறிப்பதுபோல அவை அசைந்தன என்கிறார் இளங்கோவடிகள். அங்கே "போல்" உண்டு. ஆனால் இரு பொருள்களை ஒப்பிடுவதோடு கவிஞரின் நோக்கம் முடியவில்லை. கொடியை அசைப்பது காற்று. இயல்பான அந்த அசைவின்மேல் கவிஞர் தம் குறிப்பை ஏற்றுகிறார். அதனால் இது தற்குறிப்பேற்ற அணி.

இதே அணியைக் கம்பரும் கொடியிலேயே வைத்தார். இராமன் மிதிலைக்குள் வரும்போது அந்நகரக் கொடிகள் "விரைந்து வா" என்று அழைக்கின்றன. கொடியும் ஒன்று, காற்றும் ஒன்று. மதுரையில் காத்திருப்பது கொலை. மிதிலையில் காத்திருப்பது திருமணம். பின்னால் வரப்போவதைக் கவிஞர் முன்னரே கொடியிடம் சொல்லிவிட்டார். அணியை இனங்கண்டவருக்கே அச்செய்தி கேட்கும்.

ஆகவே பிள்ளைகளுக்கு மூன்று வினாக்களைக் கொடுப்போம். இரண்டு பொருள்கள் வேறாக நின்று ஒப்பிடப்படுகின்றனவா? அது உவமை. இரண்டும் ஒன்றாகவே ஆக்கப்பட்டனவா? அது உருவகம். "மதிமுகம்" என்றால் மதி போன்ற முகம், உவமை. "முகமதி" என்றால் முகமாகிய மதி, உருவகம். இயல்பாக நடப்பதற்குக் கவிஞர் தாமே ஒரு காரணம் கற்பித்தாரா? அது தற்குறிப்பேற்றம்.

தண்டியலங்காரம் பொருளணிகளை முப்பத்தைந்தாக வகுக்கிறது. அத்தனையையும் ஒரே நாளில் கற்பிக்க வேண்டியதில்லை. இம்மூன்றையும் தாமாகக் கண்டுபிடிக்கும் பிள்ளை மற்றவற்றைத் தானே தேடிப் போகும்.

நூறு ஆண்டுகளாக இக்கல்லூரி எமக்குத் தந்தவற்றுள் நாடு விட்டு நாடு போகும்போதும் பெட்டியில் இடம் கேட்காமல் எம்முடன் வந்தது தமிழ். அதை விளங்கிச் சுவைக்கும் பழக்கத்தோடு அடுத்த தலைமுறையிடம் கையளிப்போம்.